வால்வுக் கரி

ஆடிப் பதினெட்டன்று சுத்தம் செய்த வால்வுகளில், தை பிறப்பதற்குள் மறுபடி கரி ஏறியிருந்தது. அரூர் மெக்கானிக் அர்ச்சுனன் ஸ்பேனரைத் தட்டில் எறிந்தார்.

"மூணாவது தடவைம்மா. வேலையில ஏமாத்தறேன்னு ஊர்ல என்னைத்தான் பேசறாங்க."

"நான் யாருகிட்டயும் சொல்லலைங்கண்ணா" என்றாள் பூவிழி. மொரப்பூரிலிருந்து அவளே காரை ஓட்டி வந்திருந்தாள்.

"இந்த இன்ஜின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடுது. வால்வைக் கழுவாது. நல்லா தூரமா ஓட்டினா கரி கம்மியா ஏறும். எங்கெங்க போறீங்க?"

அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். கதவில் போன தடவை ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கரையும் மீட்டரையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது! இங்கிருந்து வூட்டுக்குப் போனதும், இப்ப வந்ததும்தான் ஓடியிருக்கு."

"அவரு துபாய்ல இருக்காருங்க. பேட்டரி எறங்காம தெனம் ஸ்டார்ட் பண்ணி வெச்சாப் போதும், தனியா எங்கயும் எடுத்துட்டுப் போவக் கூடாதும்பாரு. ரிப்பேர்னா மட்டும் இங்க கொண்டாரலாம்."

"எவ்ளோ நேரம் ஓட விடுவீங்க?"

"காலையில ஒரு மணி நேரம். சாயங்காலம் ஒரு மணி நேரம்."

அர்ச்சுனன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நின்ன எடத்துல அவ்ளோ நேரம் ஓடினா கரி ஏறாம என்ன பண்ணும்? இன்னிக்குச் சுத்தம் பண்ணித் தர்றேன். பேட்டரி வயரைக் கழட்டிப் போட்டுட்டுச் சும்மா விடுங்க. ரெண்டு வருசத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்."

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பறம் நான் வண்டிய எங்கேங்கண்ணா ஓட்டறது?"