எழுபத்தொன்று காட்டிய பலகை

மந்தைவெளி வாழ் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: பள்ளிக்கூட வாசலில், வரும் வண்டியின் வேகத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும் மின்பலகை உதயமாகிவிட்டது. மக்கள் கேட்டது என்னவோ வேகத்தடைதான். குடியிருப்போர் சங்கத் தலைவர் அசோகன் பலகைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அரை மணி நேரம் பேசினார். மறுநாளே பைக் ஓட்டும் பையன்கள் அதை ஸ்கோர் போர்டாக்கிக்கொண்டார்கள். “மச்சி, அறுபத்தெட்டுடா!”

மகளைக் கூட்டிப் போக வந்த உம்மே ஹானிக்கு வேறு தொல்லை. சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சாலையில் காலை வைத்தால் பலகை எழுபத்தொன்று காட்டியது. காலை எடுத்தால் அணைந்தது. எதிர்ப்பக்கம் பள்ளி வாசலில் மகள் அழுதுகொண்டு நின்றாள்.

“இன்னாம்மா, காலி ரோட்ல பேயா வருது? போவியா, சும்மா சீன் போட்டுகினு!” என்று ஆட்டோக்கார வடிவேலு கத்தினார்.

“வண்டியே இல்ல, நம்பர் மட்டும் எப்படி வருது? நீ போய்க் காட்டு நைனா.”

அங்கிருந்த அசோகனுக்குப் பொறுக்கவில்லை. “நான் திறந்து வெச்ச போர்டும்மா இது. வதந்தி கிளப்பாத. உன் பொண்ண நானே கூட்டிட்டு வர்றேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

எழுபத்தொன்று.

நடுச்சாலையில் பிரேக் சத்தம் கேட்டது. அசோகன் தூக்கியெறியப்பட்டுப் பலகையின் கம்பத்தடியில் போய் விழுந்தார். தாரில் புது டயர்த்தடம் இருந்தது. வண்டி மட்டும் இல்லை.

எண் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

உம்மே ஹானி சாலையைக் கடந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.