நெத்திலிக்கு நடுவே ஒரு ஸ்பீக்கர்

விரித்த வலையில் காயும் நெத்திலிகளுக்கு நடுவே, விடியலில் துபாயிலிருந்து வந்திறங்கிய மருமகன் சிஜோவின் புளூடூத் ஸ்பீக்கரும் மல்லாந்து வெயில் காய்கிறது. கைதவறி அதைக் கருவாட்டு உப்புத் தண்ணீரில் போட்ட மாமனார் மரியஜான், நல்ல தண்ணீரில் அலசி, மீனைப் போலவே புரட்டிப் புரட்டி விடுகிறார். உள்ளே சிஜோ விடும் குறட்டையில் முட்டத்துக் கலங்கரை விளக்கமே ஆடுகிறது. அவன் எழும்புமுன் இது பாடியாக வேண்டும். "மீனுண்ணா மணத்துல தெரியும். இது செத்துதா பொழச்சுதாண்ணு எப்படித் தெரியும்?" என்கிறாள் மனைவி விக்டோரியா, காக்கையை விரட்டியபடி. "ஏட்டி, கப்பலையே காயப்போட்டு எடுத்த கை இது." பொத்தானை அழுத்துகிறார். நீலப்பொட்டு மினுங்குகிறது. செல்போனில் பாட்டைத் தட்டியதும் ஸ்பீக்கரிலிருந்து கடைசிச் சொட்டுகள் துள்ளித் தெறிக்க, முழுச் சத்தத்தில் மேளம் வெடிக்கிறது. காக்கைகள் இலங்கைக்கே பறக்கின்றன. மரியஜான் மீசையை முறுக்குகிறார். உள்ளே குறட்டை நிற்கிறது.