கணினியில் கை வைத்தது யார்?

"ஜெயா, சாமி மேல ஆணையா சொல்லு. நீதானே மாத்துறது?"

நன்னெறி மன்றத் தலைவர் திருநாவுக்கரசு இப்படிக் கேட்டது, பதினோரு வருஷமாக அங்கே கடிதம், கணக்கு எழுதும் கிராணி ஜெயலெட்சுமியை.

"சத்தியமா நான் தொடல ஐயா."

"பின்னே, பேயா வந்து மாத்துது?"

விஷயம் இதுதான். மன்றத்துக் கணினியில் ஓடுவது ஓசியில் கிடைத்த லினக்ஸ் மென்பொருள். ரெண்டு நாள் கோர்ஸ் போய்வந்த தலைவர், சூதாட்டத் தளம், சினிமாத் தளம் எதுவும் திறக்காதபடி, எந்தத் தளம் திறக்கும் என்று தீர்மானிக்கும் டி.என்.எஸ். எண்களை மாற்றி வைத்தார். "பினாங்கிலேயே சுத்தமான கணினி நம்மதுதான்" என்று மூணு மேடையில் முழங்கியும் விட்டார். மறுநாள் கணினியைத் திறந்தால் பழைய எண்களே உட்கார்ந்திருக்கின்றன. தினமும் இதே கூத்து. ஆபீஸ் சாவி இருப்பதோ ரெண்டே பேரிடம். தலைவரைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

"சாயங்காலம் கமிட்டி கூடுது. உன்னை வெச்சுக்கிறதா, நிறுத்துறதான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான். அழாத குறையாக ஓடிப்போய், தெருமுனைக் கணினிக் கடை அஃப்ரீனைக் கூட்டிவந்தாள்.

அஃப்ரீன் ரெண்டு நிமிஷம் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஐயா, நீங்க எண்ணு எழுதுற ஃபைல்ல முதல் வரியைப் படிச்சீங்களா?"

"ஏன், என்ன இருக்கு?"

"'இதைக் கையால மாத்தாதீங்க, நீங்க எழுதுனது அழிஞ்சுபோயிடும்'னு இருக்கு. திறக்கறப்பல்லாம் கணினியே புதுசா எழுதிக்கும். அக்கா மேல தப்பே இல்ல லா."

கூட்ட அறிக்கையில் ஒரு கமா விட்டுப்போனாலும் கிராணியைக் காய்ச்சி எடுக்கிற மனுஷர், அந்த முதல் வரியை இப்போதுதான் குனிந்து படித்தார்.

அஃப்ரீன் எண்களைப் போடவேண்டிய இடத்தில் போட்டு, மூணு தடவை அணைத்துத் திறந்து காட்டினாள். எண்கள் அசையவில்லை. ஜெயலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி சரி, கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் தலைவர். மன்னிப்பு கேட்டால் பதவிக்கு மரியாதை என்னாவது?

மறுநாள் காலை அவள் வரும்போதே, தலைவர் கணினி முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா, மறுபடி மாறிடுச்சா?"

"மாறவே மாட்டேங்குதும்மா." வாசலை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நாலு நம்பர் லாட்டரி குலுக்கல். போன்ல பார்த்தா வீட்டுக்காரி கண்டுபிடிச்சிடுவா. எப்பவும் காலையில வந்து இதுல ரிசல்ட்டைப் பார்த்துட்டு, அப்புறம்தான் எண்ணை மாத்தித் தளத்தையெல்லாம் பூட்டுவேன். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பழையபடியே ஆக்கிடச் சொல்லு."

"கமிட்டி கேட்டா நான் என்னங்கய்யா சொல்றது?"

"பயப்படாதம்மா. நீ மாத்தினதை இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடலாம்னு நேத்தே கூட்டத்துல உனக்காகப் பேசிட்டேன்."