அக்கா வீட்டுக்கு எதிரில்

துறைமுக நகரமா, மலையடி ஊரா? புது கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலான பேராலயம் எங்கே என்று ஆயர் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

"துறைமுகத்துக் கோவில்தான் பெரிசு, ஆண்டவரே," என்றார் அவருடைய செயலரான குரு. "மலையடிக் கோவில் மழைக்கு ஒழுகுது."

"அதுக்கு எதிர்லதான் எங்க அக்கா வீடு."

"அதான் பயமா இருக்கு. சொந்தபந்தம் பார்த்துட்டார்னு ஊர் வாயில விழுவோம்."

"அக்காவுக்கு முட்டி போயிடுச்சு. தெருவைத் தாண்டறதே பெரிய பாடு."

"உங்களுக்குத்தான் கார் இருக்கே. நினைச்சப்பல்லாம் போய்ப் பார்த்துட்டு வரலாமே."

ஆயர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நேத்து டாக்டர் கையை விரிச்சிட்டார். எனக்கு இந்த வருஷம் தாண்டாதாம். ஆயரைப் பேராலயத்துக்குள்ளதானே புதைப்பாங்க? அப்புறம் அக்காதான் என்னைப் பார்க்க வரணும்."