தீவனப் பெட்டி இருந்த இடம்

"ஈவு இரக்கமே இல்லாதவ!"

முணுமுணுத்தபடியே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார் கூண்டுக்காரர்.

ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி போடுவது அவர் வேலை. பக்கவாதம் வந்து, வலது காலை இழுத்துக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பிய வாரம்தான் அது நடந்தது. கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே இருந்த தீவனப் பெட்டியைத் தாழ்வாரத்தின் மறுகோடிக்குத் தள்ளச் சொல்லிவிட்டாள் விஞ்ஞானி. போக நூற்று அறுபது அடி, வர நூற்று அறுபது. ஒரே தடவையில் போடக்கூடாதாம், ஆறு தடவை போடணுமாம்!

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். 'எலியம்மா' என்று பேரும் வைத்தார்.

எலியின் மூளைத்தண்டில் செரோடோனின் என்று ஏதோ சுரக்கிற செல்கள் இருக்கின்றனவாம். மயிரிழை போன்ற குழாய் வழியாக அவற்றில் வெளிச்சம் பாய்ச்சினால், சும்மா நிற்கிற எலி நடக்கத் தொடங்கும். அதுதான் அவள் ஆராய்ச்சி.

"எலியை விளக்கு போட்டு நடக்க வைக்கிறா. என்னை நடக்க வச்சே கொல்றா" என்பார் மனைவியிடம்.

இன்று அவருக்கு மருத்துவச் சோதனை. கால் தேறவில்லை என்றால் வேலை போய்விடும்.

"தடி எங்கே?" என்றார் டாக்டர்.

"ஒரு கையில வாளி, ஒரு கையில தண்ணிப் புட்டி. தடியை வாயிலயா கவ்வ முடியும்? அதான் தூக்கிப் போட்டுட்டேன்."

நடந்தார். திரும்பினார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றும் சுற்றிக் காட்டினார்.

"பிரமாதம்! தினம் நடங்கன்னு நான் கெஞ்சினப்போ, 'எனக்கென்ன கிறுக்கா'ன்னு கேட்ட ஆளா நீங்க?"

"நான் எங்கே நடந்தேன்? எல்லாம் அந்த எலியம்மா பண்ணின அக்கிரமம்!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை அடி, எத்தனை தடவை நடக்கணும்னு, நீங்க வேலைக்குத் திரும்பின வாரமே என்கிட்ட வந்து கேட்டு எழுதிட்டுப் போனதே அவங்கதான்!"

கூண்டுக்காரர் விடுவிடுவென்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் வாய் திறந்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களாண்ணே? எலிக்கு வெளிச்சம் பட்டாத்தான் கால் கிளம்புது. உங்களுக்குக் கோபம் வந்தாத்தான் கிளம்பும்னு எனக்குத் தெரியாதா?" அவள் சிரித்தாள். "பாஸாயிட்டீங்கல்ல? நாளைக்கே பெட்டியைப் பழைய இடத்துக்கு மாத்திடறேன்."

"அதெல்லாம் வேணாம். அது அங்கேயே கிடக்கட்டும்."

வாளியோடு வாசல்வரை போனவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினார்.

"திட்டறதுக்கு மட்டும் வேற ஒரு ஆளைக் காட்டும்மா. இல்லேன்னா நாளைக்கு எனக்குக் கால் வராது."