சேற்றுக் கோடு

“இன்னும் கொஞ்சம் மேல பூசுங்க” என்றாள் லோகநாயகி.

அவள் கணவர் சாம்பசிவன் வாளியிலிருந்து ஆற்றுச் சேற்றை அள்ளி, ஹால் சுவரில் இடுப்புக்கு மேலே தேய்த்தார். பி.எஃப். பணத்தைக் கொட்டிக் கட்டிய வீடு. புது பெயிண்டைப் பாழாக்க அவருக்கு மனசு வரவில்லை.

வெள்ளம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே தண்ணீர் வந்தது கணுக்கால் அளவுதான். போன வெள்ளத்தில் உண்மையைச் சொல்லி நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனதை லோகநாயகி மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

“எதுக்கு லோகா இந்தப் பொய்?”

“நீங்க ஜெபம் பண்ணுங்க டீச்சர். நிவாரணத்தை நாங்க வாங்கிக்கறோம்.”

மதியம் ஜீப் வந்தது. அதிகாரி முதலில் டீச்சர் வீட்டுச் சுவரை டேப் வைத்து அளந்தார். “அரை அடிகூட இல்ல. இந்த வீட்டை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடு” என்றார் உதவியாளரிடம். லோகநாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவள் வீட்டில் டேப் நான்கு அடி காட்டியது. அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

“பக்கத்துல அரை அடிதானேம்மா?”

“எங்க வீடு பள்ளம் சார். கட்டில் மேல நாற்காலி போட்டு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தோம்.”

“சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்க வீட்டை விட்டுடறேன்.”

“ஐயோ, விட்டுடாதீங்க சார்! எழுதுங்க.”

கணவன் மனைவி இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ரேஷன் கார்டு நகலை அவள் நீட்டினாள். “அது தேவையில்லம்மா” என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தபடி காபி கொண்டுவந்து வைத்தாள்.

“நிவாரணம் எப்ப சார் கைக்கு வரும்?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நிவாரணமா? நாங்க ஆத்துச் சீரமைப்புத் துறையிலேர்ந்து வர்றோம்மா. பாலத்தோட தூண் அரிச்சுப்போச்சு. ஆத்துல மீன் தங்க இடமில்ல. கரையை அகலமாக்கி, ஆத்தோட இடத்தை ஆத்துக்கே விடப்போறோம்.”

“அதுக்கு எங்க சுவரை எதுக்கு சார் அளந்தீங்க?”

“மூணு அடிக்கு மேல தண்ணி நின்ன வீட்டைத்தாம்மா இடிக்கறோம்.”