முதல் தரம்

ஆப்பிரிக்க நாடுகளின் விருதுகளைச் சேகரிப்பவரின் மேசையில் வெண்கலப் பதக்கம் ஒன்று ஆவலோடு கிடந்தது. இன்று அவர் அதற்கு விவரச் சீட்டு எழுதப்போகிறார். “அதுல அமினாட்டா பேரு ஏறிடும்” என்றது பதக்கம்.

“யாரும்மா அது?” என்றது வெல்வெட் பெட்டியிலிருந்த தங்க நட்சத்திரம்.

“வெள்ளத்துல நாற்பது பேரைக் கரைசேர்த்த படகுக்காரி. என் முதுகுல ஆணியால தன் பேரைக் கீறி வச்சிருக்கா. நீங்க யார் மார்புல இருந்தீங்க?”

“யார் மார்புலயும் இல்ல. பெட்டியை விட்டே இறங்கினதில்ல. அதனாலதான் நான் முதல் தரம்.”

“இதுல பெருமை வேறயா?” என்றது வெண்கலம்.

சேகரிப்பவர் அதைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். “அடடா, கீறல்” என்று வருந்தினார். பாலிஷ் போட்டு, முதுகு பளபளக்கும்வரை பொறுமையாகத் தேய்த்தார். பிறகு வெல்வெட்டில் வைத்து, சீட்டில் அழகாக எழுதினார்: “வெள்ள மீட்புப் பதக்கம். முதல் தரம். பெற்றவர் பெயர் தெரியவில்லை.”